அந்த ஜோடி வால்வைத் தேடாதே

கண்ணா,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்து, அடித்துவிட்டேன். நலமா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உன் ஆம்ப்ளிஃபயர் விஷயம், அதில் போடுகிற அந்தக் கண்ணாடி வால்வு விஷயம். ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் உன் குரலைக் கேட்டதும், நான் ஒன்று நினைத்தால் வாய் வேறொன்றைச் சொல்லிவிடுகிறது. கடிதம் என்றால் எழுதினது எழுதினதுதான். குறுக்கே நீ பேசமுடியாது, நானும் பேச்சை மாற்றமுடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "எல்லாம் மாத்திப் பாத்துட்டேம்மா. இ.எல்.34 வால்வு போட்டேன், 6எல்6 போட்டேன், பயாஸ் மாத்தினேன். எதுலயும் கிடாருக்கு அந்தச் சத்தம் வரல. தப்பு வால்வு மேல இல்லம்மா. என் கைதான் போயிடுச்சு போல" என்றாய். நான் உடனே, "அப்டியெல்லாம் இல்லடா, வேற ஒரு ஜோடி போட்டுப் பாக்கலாம், அடுத்த வாரம் சொல்றேன்" என்றேன். நீ சரி என்று வைத்துவிட்டாய். வைத்த பிறகு ரிசீவரைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் பதில் அப்போதே என்னிடம் இருந்தது. அதற்கு முன்பே, கார்த்திகை தீபத்தன்று, கிடைத்துவிட்டது. சொல்லிவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ எதற்காகக் கூப்பிடுவாய் என்று தெரியவில்லை. அதனால் சொல்லவில்லை. ஆனால் உன் கைமேல் நீயே சந்தேகப்பட ஆரம்பித்த பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், நான் என்ன தாய்?

உனக்குத் தெரிந்த கதையையே முதலிலிருந்து சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. கோர்வையாகச் சொன்னால்தான் எனக்கே விளங்கும். உங்கப்பா அடி அண்ணாமலையில் மைக் செட் வைத்திருந்தார். நான் ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் படித்துவிட்டு அவரைக் கட்டிக்கொண்டு வந்தவள். கம்பத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது, ஒயர் இழுப்பது, கல்யாண வீட்டில் சண்டை போட்டுப் பணம் வாங்குவது எல்லாம் அவர். பற்றவைப்பது, பழுது பார்ப்பது நான். ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும், "மெக்கானிக் இல்லீங்களா?" என்பார்கள். நான்தான் என்றால், "இல்லீங்க, ஆம்பள மெக்கானிக்" என்பார்கள். "அவரு மேல கம்பத்துல இருக்காரு, இறங்கி வந்து என்னைத்தான் கேப்பாரு, ஒக்காருங்க" என்பேன். எனக்குக் கொஞ்சம் திமிர்தான். அந்தத் திமிர்தான் இந்த வீட்டில் என்னைத் தனியாக இருக்கவைக்கிறது என்று வைத்துக்கொள்.

வட ஆற்காட்டிலிருந்து நம்மைத் தனி மாவட்டமாகப் பிரித்த வருஷம், செங்கம் ரோட்டில் ஒரு கல்யாணம். நீ அப்போது ஆறாவது. நான் என் தங்கையைப் பார்க்கப் போளூர் போயிருந்தேன். காலையில் நம் செட்டில் ஒரு 6எல்6 வால்வு போய்விட்டது. மாற்று இல்லை. வேறொரு செட்டுக்கென்று வாங்கி வைத்திருந்த இ.எல்.34 ஜோடி அலமாரியில் இருந்தது. இதற்கும் அடியில் எட்டுக் கால், அதற்கும் எட்டுக் கால். உங்கப்பா பார்த்தார், குத்தினார், உட்கார்ந்துவிட்டது. பாட்டும் வந்தது. முன்னைவிட நன்றாகவே வந்தது என்று சாகும்வரை சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து, சரியாகத் தாலி கட்டும் சமயத்தில், பெட்டியிலிருந்து புகை. ஐயர் வளர்த்த ஹோமப் புகை என்று நினைத்துக்கொண்டு எல்லாரும் கண்ணைத் துடைத்தபடி பக்தியோடு உட்கார்ந்திருந்தார்கள். உங்கப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றிருக்கிறார், அந்தப் புகை தன்னுடையது என்று தெரியாமல். பாட்டு நின்ற பிறகுதான் தெரிந்தது.

நான் திரும்பி வந்து பெட்டியைப் பிரித்தால் வீடு முழுக்க வார்னிஷ் கருகின வாசனை. "கால் எட்டும் பொருந்துச்சு, நான் இன்னாத்த கண்டேன்?" என்றார். வால்வுக்குள்ளே இருக்கிற ஹீட்டர் சிவந்து சூடானால்தான் வால்வு வேலை செய்யும். 6எல்6 ஒன்று அதற்குக் கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் கேட்கும். இ.எல்.34 ஒன்றரை கேட்கும். கொடுக்கிற டிரான்ஸ்ஃபார்மர் 6எல்6-க்கு அளந்து கம்பி சுற்றினது. கூடுதலாகக் கேட்டால் முதலில் கொடுக்கும், பிறகு சூடாகும், பிறகு கருகும். கால் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, எதிராளி என்ன கேட்பார், நம்மால் எவ்வளவு கொடுக்கமுடியும் என்று பார்க்காமல் விடுவது நம் ஊரில் சம்பந்தம் பேசுகிறவர்களின் வழக்கமும்தான். உனக்குப் பெண் பார்க்கச் சொல்லி என்னை நச்சரிக்கிறவர்களிடம் நான் ஏன் வாய் திறப்பதில்லை என்று இப்போது புரிகிறதா?

அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை நான் திரும்பக் கட்டினேன். டிரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாகச் சுற்றவைத்தேன். இ.எல்.34-க்கு முதல் காலும் எட்டாவது காலும் சேர்ந்திருக்கவேண்டும், அதற்கு ஒரு துண்டு ஒயர். எந்த வால்வு போட்டாலும் அதற்குத் தகுந்த பயாஸ், அதாவது வால்வை அடக்கி வைக்கிற வோல்டேஜ், கிடைக்க ஒரு சுவிட்ச். இப்படித்தான் நம் வீட்டுப் பழைய பெட்டி இரண்டு வால்வையும் ஏற்றுக்கொள்ளும் பெட்டியானது. வால்வை மட்டும் மாற்றுவது என்று ஒன்று கிடையாது கண்ணா. அதன் முன்னால் இருக்கிற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், பின்னால் இருக்கிற பவர் சப்ளை, அதற்கும் பின்னால் சுவரில் இருக்கிற பிளக் பாயின்ட், எல்லாம் சேர்ந்துதான் சத்தம். இதை நான் வாரம் தவறாமல் உனக்குச் சொன்னேன். சுவர்வரைக்கும் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நானே யோசிக்கவில்லை.

உனக்குக் கிடார் வந்தது நீ ஒன்பதாவது படிக்கும்போது. ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஜெர்மன்காரர் ஒருவர், தன் டேப் ரிக்கார்டரைச் சரிசெய்ய என்னிடம் வந்துபோய்க்கொண்டிருந்தவர், ஊருக்குப் போகும்போது, "இனிமேல் எனக்கு எதுவும் வேண்டாம்" என்று எலக்ட்ரிக் கிடாரை உன் மடியில் வைத்துவிட்டுப் போனார். அவர் துறவியாகிவிட்டார், என் நிம்மதி போனது. நாள் முழுக்க டொய்ங் டொய்ங் என்று நீ. "இன்னாடா இது, தண்ணி டிரம்முல கல்லு வுழுந்த மாதிரி" என்று உங்கப்பா. நீ மைக் செட்டிலேயே கிடாரைச் சொருகினாய். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. மைக் செட்டுக்கு வேண்டியது பேச்சு தெளிவாகக் கேட்பது. சத்தம் எவ்வளவு வைத்தாலும் உடையக்கூடாது. அதற்கு 6எல்6 கெட்டிக்காரன். கீழே கனம் இருக்கும், மேலே பளிச்சென்று இருக்கும், நடுவில் அடக்கமாக இருக்கும். கிடாருக்கு வேண்டியது நேர்மாறு. கொஞ்சம் உடைந்தால்தான் அதற்கு உயிர் வருகிறது. இ.எல்.34 நடுத்தொண்டையில் பேசும், சீக்கிரம் உடையும். குழாயடியில் நம் தெரு மாரியம்மா பேசினால் கடைசி வீடுவரை கேட்குமே, அந்தத் தொண்டை. நான் இருபது வருஷமாக எதை வரவிடக்கூடாது என்று பாடுபட்டேனோ, அதைத்தான் என் பிள்ளை வேண்டும் என்று கேட்டான்.

பிளஸ் டூ முடித்த வருஷம் வந்த தீபத்தைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் நீ பார்த்தது மேடையிலிருந்து, நான் பார்த்தது மேடைக்குப் பின்னாலிருந்து. கிரிவலப் பாதையில் இளைஞர் மன்றத்து அன்னதானப் பந்தல். கீபோர்டு ஒருவர், தபலா ஒருவர், நீ. காலையில் செட்டைப் போட்டுப் பார்த்தபோது ஒரு 6எல்6 உள்தகடு சிவந்து, கெட்டுப்போய் நின்றது. இரண்டையும் கழற்றிவிட்டு இ.எல்.34 ஜோடி ஒன்றைப் போட்டேன், சுவிட்சை மாற்றினேன். சாயங்காலம் மலைமேல் தீபம் ஏற்றினதும் ஊரில் இருக்கிற அத்தனை கடையும் அத்தனை சீரியல் பல்பும் ஒன்றாக எரிந்தது. கரண்ட் தளர்ந்துவிட்டது. கீபோர்டு அணைந்து அணைந்து எரிந்தது. "அக்கா, கரண்டு ரொம்பக் கம்மிக்கா, ஸ்டெபிலைசர் குடுங்க" என்று கீபோர்டுக்காரர் கத்தினார். இருந்தது ஒரே ஸ்டெபிலைசர், அது உன் பெட்டிக்குப் போட்டிருந்தது. அதைப் பிடுங்கி அவருக்குக் கொடுத்துவிட்டு, உன் பெட்டியை நேராக லைனில் சொருகினேன். கண்ணா, என் கையாலேயே சொருகினேன். அதை இத்தனை வருஷமும் மறந்தே போயிருந்தேன்.

பிறகு நீ வாசித்தாய். அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத எனக்குத் தெரியாது. நீ கம்பியைத் தட்டினதும் அது உடனே வரவில்லை, ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. மெதுவாகத் தட்டினால் மெதுவாகப் பேசியது, அழுத்தினால் அழுதது. அன்னதானத்துக்கு நின்ற வரிசை நகராமல் நின்றது. குழாய்க் கம்பத்தின் மேல் இருந்த உங்கப்பா இறங்கி வந்தார். மேடை ஓரமாக நின்றார். பாட்டு முடிந்ததும், "டேய், இன்னொரு வாட்டி வாசிடா" என்றார். அவர் உன்னைப் பற்றி நல்லதாகச் சொன்ன வார்த்தை, என் காதுக்குத் தெரிந்து, அது ஒன்றுதான். நீ அன்றிரவு சாப்பிடும்போது என்னிடம் கேட்டாய், "இன்னா வால்வும்மா போட்ட?" என்று. நான் இ.எல்.34 என்றேன். அந்த நிமிஷத்தில் நாம் இரண்டு பேரும் தப்பான வழியில் நடக்க ஆரம்பித்தோம்.

அதற்குப் பிறகு அதே ஜோடியைப் போட்டு எத்தனை தடவை வாசித்தாய்! அது வரவில்லை. ஜோடி பழசாகிவிட்டது என்றோம். வேறு ஜோடி வாங்கினோம், வரவில்லை. அந்த ஜோடிதான் விசேஷம் என்றோம். அதுவும் ஒருநாள் உயிரை விட்டது. நீ காலேஜ் முடித்த வருஷம் உங்கப்பாவும் போய்விட்டார். நெஞ்சு வலி என்றார், வெந்நீர் வைத்துக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. காரியமெல்லாம் முடிந்து ஒருநாள், நீ பழைய பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, "அந்த மாதிரி ஒரு தடவ வந்துச்சுன்னா போதும்மா" என்றாய். நீ எதைத் தேடுகிறாய் என்று அன்று எனக்குத் தெரிந்தது. அந்தச் சத்தம் வந்தால் மேடை ஓரத்தில் அவர் வந்து நிற்பார் என்று உனக்கு ஒரு நினைப்பு. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்கும் அதே நினைப்புதான்.

சிங்கப்பூர் வேலைக்கு நீ கிளம்பியபோது உனக்கென்று ஒரு பெட்டி கட்டிக்கொடுத்தேன். அதே வரைபடம், அதே ஆள் சுற்றின டிரான்ஸ்ஃபார்மர், அதே சுவிட்ச். ஏர்போர்ட்டில் என்ன இது என்று கேட்டதற்கு, "எங்கம்மா செஞ்சது" என்று சொன்னாயாம். மற்ற பிள்ளைகள் அம்மா செய்ததென்று ஊறுகாயும் முறுக்கும் கொண்டுபோவார்கள். அந்த அதிகாரி பாவம், மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்ன நினைத்தாரோ. போய்ச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாய். "நல்லாதாம்மா இருக்கு. ஆனா அது இல்ல" என்றாய். அப்படி ஆரம்பித்ததுதான் நம் ஞாயிற்றுக்கிழமை.

இனி நான் எழுதப்போவது உனக்குத் தெரியாது. நீ பத்து மணிக்குக் கூப்பிடுகிறாய், வால்வைப் பற்றிக் கேட்கிறாய், நான் சொல்கிறேன், "சரிம்மா, போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்தப் பேச்சுக்கு நான் வாரம் முழுக்கத் தயார் செய்கிறேன். பழைய வால்வுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, இதைச் சொன்னால் அவன் திருப்பி என்ன கேட்பான், அதற்கு என்ன சொல்லலாம் என்று பரீட்சைக்குப் படிக்கிறமாதிரி படிக்கிறேன். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடமாட்டேன். இந்த வாரம் வால்வு, அடுத்த வாரம் பயாஸ், அதற்கடுத்த வாரம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் என்று பிரித்துப் பிரித்துத்தான் கொடுப்பேன். பால்காரர் தவிர வேறு யாரும் என் பேரைச் சொல்லிக் கூப்பிடாத வாரங்கள் உண்டு. மைக் செட்டை வாடகைக்குக் கேட்டும் யாரும் வருவதில்லை, எல்லாரிடமும் புதுசு இருக்கிறது, எனக்கும் முட்டி வலி, அதில் வருத்தமில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊர் உலகமே என் வாசலைத் தாண்டி நடக்கிறது. சிலர் தண்ணீர் கேட்பார்கள், சிலர் பாத்ரூம் எங்கே என்பார்கள். அத்தனை காலடிச் சத்தத்துக்கு நடுவே விளக்கைப் போட்டுக்கொண்டு நான் ஒருத்தி உட்கார்ந்திருப்பேன். கூட்டம் இல்லாத நாளைவிட அந்த நாள்தான் தாங்கமுடியாது. தனியாக இருக்கிறேன் கண்ணா. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போது இல்லை.

இந்த வருஷம் தீபம் வாரநாளில் வந்தது. நீ கூப்பிடவில்லை. ஆபீஸ் இருந்திருக்கும். மாடியில் நின்று மலைமேல் ஜோதியைப் பார்த்தேன், கன்னத்தில் போட்டுக்கொண்டேன், இறங்கி வந்தேன். கூடத்தில் ஃபேன் மாட்டுவண்டிபோலச் சுற்றியது, பல்பு மஞ்சளடித்துப்போய் இருந்தது. நம் வீடு லைனின் கடைக்கோடி, தீபத்தன்று எப்போதும் அப்படித்தான், அதனால் நான் கவனிக்கவே இல்லை. ஏதோ தோன்றி, அங்கே புதுசு வாங்கிக்கொள்கிறேன் என்று நீ விட்டுப்போன அந்த ஜெர்மன்காரர் கிடாரை உறையிலிருந்து எடுத்துத் துடைத்தேன். துடைத்ததும் அதைப் பெட்டியில் சொருகிப் பார்க்கலாம் என்று தோன்றியது. எனக்கு வாசிக்கத் தெரியாது. மூன்றாவது கம்பியைக் கட்டைவிரலால் ஒரே ஒரு தட்டு.

வந்தது. அதே மூச்சு வாங்கல், அதே உடைசல். மேடை ஓரத்தைப் பார்க்கிறமாதிரி கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. பாதையில் ஜனம் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அழுதேன். அழுதுவிட்டு எழுந்துபோய்ப் பெட்டியின் பின்பக்கம் பார்த்தேன். உள்ளே இருந்தது இ.எல்.34 இல்லை. நான் எப்போதோ திரும்பப் போட்டுவைத்த 6எல்6 ஜோடி. அப்புறம்தான் தலையைத் தூக்கி அந்த மஞ்சள் பல்பைப் பார்த்தேன். பெட்டி ஸ்டெபிலைசர் இல்லாமல் நேராகச் சுவரில் சொருகியிருந்தது. மீட்டரை எடுத்துப் பிளக் பாயின்ட்டில் வைத்தேன். நூற்றெழுபது வோல்ட்.

புரிகிறதா? இருநூற்று முப்பது வரவேண்டிய இடத்தில் நூற்றெழுபது. வால்வுக்குப் போகிற பெரிய வோல்டேஜும் அதே கணக்கில் இறங்கிவிடும். அப்போது வால்வு தன் எல்லையைச் சீக்கிரம் தொட்டுவிடுகிறது. அதனால் மெதுவான சத்தத்திலேயே உடைகிறது. நீ அழுத்தித் தட்டும்போது கரண்ட் இன்னும் தளர்ந்து, பிறகு மெதுவாக எழுந்து வருகிறது. அதுதான் அந்த மூச்சு. ஊர் முழுக்க விளக்கேற்றிக்கொண்டதில் மிச்சமிருந்த கரண்டில் நீ வாசித்தாய். அதை வால்வு செய்தது என்று நினைத்தோம். மறுநாள் காலையில் வோல்டேஜ் திரும்பினதும் தட்டிப் பார்த்தேன், இல்லை. உடனே நம் சீரீஸ் போர்டை எடுத்தேன். பழுது பார்க்கிற பெட்டிக்கு ஒரு குண்டு பல்பு வழியாகக் கரண்ட் கொடுப்போமே, அதுதான். இருநூறு வாட் பல்பு போட்டு, பெட்டியை அதன் வழியாக ஓட்டித் தட்டினேன். பட்டப்பகலில், வந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் பல்பு பளிச்சென்று எரிந்து அடங்கியது. பைத்தியக்காரிபோல ஒரே கம்பியைத் தட்டித்தட்டி அந்தப் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக, வால்வு விஷயத்தில் நான் சொன்னது பொய் இல்லை. 6எல்6-இல் வந்தது அச்சு அசல் அது இல்லை. நடுத்தொண்டை கொஞ்சம் கம்மி. அந்தத் தொண்டைக்கு இ.எல்.34-தான் வேண்டும். அதனால் உன் பெட்டியில் இ.எல்.34 போடு, எந்த ஜோடியானாலும் சரி. சுவிட்சை அதன் பக்கம் தள்ளு. ஒரு குண்டு பல்பும் ஒரு ஹோல்டரும் வாங்கி சீரீஸில் கொடு. உங்கள் ஊரில் கரண்ட் ஒருநாளும் தளராது, ஊரே ஒழுங்கு, அதுதான் அங்கே உனக்கு வந்த கஷ்டம். ரொம்ப நேரம் இப்படி ஓட்டாதே, ஹீட்டரும் சூடு குறைந்து வால்வு கெடும். நிரந்தரமாக வேண்டுமென்றால் ஹீட்டருக்குத் தனியாகவும் மற்றதற்குக் குறைவாகவும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றவேண்டும். "அதை நான் இங்கே சுற்றவைக்கிறேன், இரும்பு கனம், பார்சலில் வராது, நீதான் வந்து எடுத்துக்கொண்டு போகணும்" என்று முதலில் எழுதினேன். படித்துப் பார்த்தேன், கேவலமாக இருந்தது, அடித்துவிட்டேன். இந்தத் தாளின் பின்பக்கம் கணக்கு எழுதியிருக்கிறேன். அங்கேயே யாரிடம் கொடுத்தாலும் சுற்றித் தருவார்கள்.

உன் கை எங்கேயும் போகவில்லை. அன்றைக்கு நன்றாக வாசித்தாய், இன்றைக்கும் வாசிப்பாய். நடுவில் குறைந்தது வெறும் கரண்ட். ஒன்று சரியாக வரவில்லை என்றால் உடனே உன்மேல் பழியைப் போட்டுக்கொள்கிற குணம் உனக்கு எங்கிருந்து வந்ததோ, உங்கப்பாவிடமிருந்து இல்லை. அந்த மனுஷன் புகை வந்தபோதுகூட ஐயரைத்தான் பார்த்தார். அதில் பாதியாவது நீ கற்றுக்கொண்டிருக்கலாம்.

இன்னொன்று. மூன்று வாரம் முன்பு கேட்ட பயாஸ் கணக்கையே போன வாரமும், கையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், கேட்டாய். நீ எழுதிவைத்துக்கொள்கிற ஆள். ஒருதடவை சொன்னதைத் திரும்பக் கேட்கிறவன் இல்லை. நானும் முதல்தடவை கேட்பதுபோலவே பதில் சொன்னேன். மறந்துபோய்க் கேட்டாயா என்று நான் உன்னைக் கேட்கப்போவதில்லை. மறக்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன், எனக்கு அது நன்றாக இருக்கிறது.

இப்போது நலம் விஷயம். ஞாயிற்றுக்கிழமையில் நீ பேசிவிட்டு வைக்கும்வரை நான் அடுப்பு பற்றவைப்பதில்லை. குக்கர் விசில் அடித்து உன் பேச்சு பாதியில் கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வது? நீ வைத்த பிறகு, ஒருத்திக்கு என்ன சமைப்பது என்று அப்படியே விட்டுவிடுகிறேன். முந்தின நாள் மாவு இருந்தால் ஒரு தோசை, இல்லாவிட்டால் டீ.

வால்வுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதைப் பற்றி இனிக் கேட்க உன்னிடம் ஒன்றும் இல்லை, சொல்ல என்னிடமும் இல்லை. அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, "சாப்ட்டியாம்மா?" என்று கேள். இத்தனை வருஷத்தில் நீ அதைக் கேட்டதில்லை, நான்தான் இடம் கொடுக்கவில்லை. நான் இல்லை என்று சொல்வேன். அப்புறம் நீ என்ன சொல்கிறாய் என்று பார்க்கலாம்.

அம்மா